லியோந்தினின் கடைசி மதர்போர்டு

எங்கள் குடியிருப்பில் மொத்தம் நாற்பது பால்கனிகள். முப்பத்தொன்பதுக்குக் கண்ணாடி அடைத்தாகிவிட்டது. மூன்றாம் மாடியில் ஒன்று மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி திறந்து கிடக்கிறது. அது லியோந்தின் போகிஷின் வீடு. அதற்கு நேர் மேலே, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் நான் கவ்ரில், இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும் வீடுகளுக்கெல்லாம் நிர்வாகி. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். விளக்கு எரியாவிட்டாலும் குழாய் உடைந்தாலும் திட்டு வாங்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்குத்தான்.

எங்கள் ஊரான டோப்லிட்சாவில் டிசம்பர் மாதம் மூக்கை வெளியே நீட்டினால், உள்ளே வந்ததும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் பால்கனியைத் திறந்து போடுகிறவன் ஒன்று கஞ்சனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கிறுக்கனாக இருக்க வேண்டும். லியோந்தின் கஞ்சன் இல்லை.

மரம் அறுக்கும் ஆலையில் அவன் சூளைக்காரன். அறுத்த பலகைகளைச் சூடான அறைக்குள் அடுக்கி, ஈரம் வற்றும்வரை வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பது வேலை. சூடு கூடினால் பலகை வெடிக்கும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். இருபத்தெட்டு வருடத்தில் அவன் கையில் ஒரு பலகை வெடித்ததில்லை என்று ஆலையில் பெருமையாகச் சொல்வார்கள். வெடித்தது வீட்டில்தான். அதற்கு வருகிறேன்.

பகலெல்லாம் மரத்தைச் சூடாக்கிவிட்டு வந்து, வீட்டில் கம்ப்யூட்டரைக் குளிரவைப்பது அவன் பொழுதுபோக்கு. ஒரு பிராசஸருக்கு இவ்வளவுதான் வேகம் என்று தயாரிப்பவர்கள் நிர்ணயித்து அனுப்புவார்கள். அதை மீறி ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். கூடுதல் மின்சாரம் ஊட்டினால் வேகம் கூடும், கூடவே சூடும் கூடும். சூட்டைத் தணிக்க வசதியுள்ளவர்கள் என்னென்னவோ வாங்குவார்கள். லியோந்தினிடம் பால்கனி இருந்தது. நவம்பர் பிறந்ததும் மூடியில்லாத ஓர் இரும்புச் சட்டத்தில் கம்ப்யூட்டரை மாட்டி வெளியே வைத்துவிடுவான். ஈரம் இறங்காமலிருக்க மதர்போர்டின் மேல் வாசலைன் பூசுவான். யாருடைய வாசலைன் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவன் மனைவி ஓட்டிலியாவின் கைகள் குளிர்காலம் முழுவதும் வெடித்துக் கிடக்கும், மதர்போர்டு மட்டும் பளபளவென்று இருக்கும்.

அதே பால்கனியில்தான் ஓட்டிலியாவின் முட்டைக்கோஸ் பீப்பாயும் நிற்கும். அக்டோபர் கடைசியில் உப்புத் தண்ணீரில் போட்ட முட்டைக்கோஸ் டிசம்பருக்குள் புளித்து, கிறிஸ்துமஸுக்கு அதன் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி சர்மாலே செய்ய வேண்டும். இலை முறுக்காக இருந்தால்தான் சர்மாலே. கொழகொழத்தால் அது கஞ்சி. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற ஓட்டிலியாவுக்கு, சர்மாலே என்பது மானப் பிரச்சினை.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த மானம் கப்பலேறியது. உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாது, ஆனால் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்திருக்கும் என்பது ஒருநாள் லியோந்தின் மண்டையில் உறைத்தது. மதுக்கடையில் பியரைக் குளிரவைக்கும் எஃகுச் சுருள் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்தான். அதைப் பீப்பாய்க்குள், முட்டைக்கோஸை அமுக்க வைக்கும் கல்லுக்கு அடியில் ஒளித்துவைத்து, பிராசஸரின் சூட்டையெல்லாம் குழாய் வழியாக உள்ளே இறக்கினான். வேகம் பறந்தது. டிசம்பர் ஆறாம் தேதி நிக்கோலஸ் திருநாளன்று இந்த வட்டாரத்துக் கிறுக்கர்கள் நான்கு பேர் ஒரு கடையில் கூடி எண்களை ஒப்பிடுவார்கள், அதில் லியோந்தினுக்கு முதலிடம். கிறிஸ்துமஸ் அன்று ஓட்டிலியாவின் அண்ணன் குடும்பம் ரெகினிலிருந்து வந்து உட்கார்ந்திருக்க, பானையைத் திறந்தால், எழுபது சர்மாலேயும் வயிறு வெடித்து மிதந்தன. அண்ணன் மனைவி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, "சூப் நல்லாருக்கு ஓட்டிலியா" என்றாள்.

அந்த "சூப்" என்ற சொல்லை ஓட்டிலியா இன்றுவரை மறக்கவில்லை.

ஜனவரியில் என்னைக் கீழே கூப்பிட்டார்கள். சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நடுவில் நான்கு பழைய மதர்போர்டுகள்.

"படுக்கை விரிப்புக்கு நடுவுல இருந்து எடுத்தேண்ணே" என்றாள் ஓட்டிலியா. "ஒவ்வொண்ணு வாங்கும்போதும் இதான் கடைசி, இனி பிராசஸர் மட்டும் மாத்தினா போதும்பான். மறு வருஷம் கேட்டா பிராசஸரோட காலு எண்ணிக்கை மாறிப்போச்சு, இதுல உக்காராதும்பான். நாலு கடைசி பாத்துட்டேன்."

"அது கம்பெனிக்காரன் பண்ற வேலை ஓட்டி, நான் என்ன செய்ய?" என்றான் லியோந்தின்.

"பால்கனிக்குக் கண்ணாடி போடலாம். அதச் செய்யி."

லியோந்தின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கண்ணாடி போட்டால் குளிர் இல்லை. குளிர் இல்லையென்றால் ஓவர்கிளாக் இல்லை. ஆலைக்குப் போவதும் வருவதும் சாப்பிடுவதும்தான் மிச்சம். அவன் கெஞ்சிய கெஞ்சலில் எனக்கே கண் கலங்கியது, நான் அவ்வளவு எளிதில் கலங்குகிறவன் இல்லை.

கடைசியில் சுவரில் தொங்கிய தேவாலய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினார்கள். இன்னும் ஒரே ஒரு மதர்போர்டு. அடுத்த பிராசஸர் வரும்போது அதே போர்டு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டால் பால்கனி திறந்தே இருக்கும். இல்லாவிட்டால் கண்ணாடி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சி நான்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவன் பட்ட பாடு! பெண் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஷோல்ட் என்பவனின் கணினிக் கடை, அங்கே இரண்டு போர்டுகளில் வந்து நின்றது பேச்சு. இரண்டிலும் பிராசஸர் உட்காரும் இருக்கை ஒன்றேதான். இன்னும் இரண்டு தலைமுறைக்கு அது மாறாது என்று தயாரிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். வித்தியாசம் வேறு இடத்தில்.

ஒன்று கனமானது. பிராசஸருக்கு மின்சாரம் பிரித்து ஊட்டும் பாதைகள் அதில் பன்னிரண்டு. அவற்றின் மேல் சூடு தாங்க கட்டை விரல் தடிமனில் உலோகக் கவசம். இன்னொன்று மெலிந்தது. பாதைகள் எட்டு, கவசம் தகரம் மாதிரி. ஆனால் பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது.

"அண்ணே, இந்தப் பொத்தான் இருக்கே, இது தங்கம்" என்றான் ஷோல்ட். "போர்டு கண்ணு முழிக்கறப்ப மொதல்ல ஓடுற சின்ன ப்ரோக்ராம் பயாஸு. எந்தெந்த பிராசஸர உள்ள விடலாம்ங்கற பட்டியல் அதுலதான் இருக்கு. நாளைக்குப் புது பிராசஸர் வந்தா அந்தப் பட்டியலப் புதுப்பிக்கணும். இந்தப் பொத்தான அமுக்கினா, பிராசஸரே இல்லாம அது தானா படிச்சுக்கும்."

"அந்தத் தடியன்ல?"

"அதுல பழைய பிராசஸர மாட்டித்தான் புதுப்பிக்க முடியும்."

"அப்ப மாட்டிப் புதுப்பிச்சுட்டுப் போறேன். பொத்தான அமுக்கவாடா நான் பொறந்தேன்?"

லியோந்தின் இரண்டு போர்டுகளையும் இரவல் வாங்கி வந்து ஓட்டிலியாவின் சமையல் தராசில் நிறுத்தான். கவசத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். எட்டுப் பாதை போர்டு மாதக்கணக்கில் இராப்பகலாக ஓடினால் எவ்வளவு சூடாகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டான். "தம்பி, மத்தவங்கெல்லாம் அரை மணி நேரம் ஓட்டி எண்ணக் குறிச்சுக்கிட்டு நிறுத்திடுறாங்களே, நீ எதுக்கு மாசக்கணக்குப் போடுற?" என்று கேட்டேன். "ஒறுதி வேணும்ணே" என்றான். அதோடு சரி.

தாமதம் தாங்காமல் ஒருநாள் ஓட்டிலியாவே கடைக்கு வந்துவிட்டாள். இரண்டையும் பார்த்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"புது மருமக வீட்டு வாசல்ல வந்து நின்னா, இவ நம்ம வீட்டுப் பொண்ணுன்னு உள்ள இருக்கறவங்களுக்கு யாராச்சும் சொல்லணும்ல? இந்தத் தடியன் போர்டுக்கு யாரு சொல்லுவா?"

ஷோல்ட் வாயைப் பிளந்தான். "அக்கா, இதத்தான் நான் ரெண்டு வாரமா அண்ணனுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ஒனக்கு இதெல்லாம் புரியாது ஓட்டி" என்று லியோந்தின் தடியனையே வாங்கி வந்தான். புரியாதாம்! எங்கள் ஊரில் ஆண்கள் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் பள்ளத்தில் விழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு குளிர்காலமும் வண்டி ஓடியது. சுருளைக் குப்பையில் போட்டாயிற்று. பீப்பாய்க்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் நின்று, நாள் முழுவதும் ஏதோ பகா எண்களைத் தேடிக்கொண்டு, உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், நிக்கோலஸ் திருநாளில் இரண்டு வருடமும் லியோந்தினுக்குக் கடைசி இடம். "அவ்வளவு தடியான போர்ட வெச்சுக்கிட்டு இந்த வேகமாண்ணே? என் அத்தையோட தையல் மெஷினு இதவிட வேகமா ஓடும்" என்று ஷோல்ட் கிண்டல் செய்வான். இவன் சிரித்துக்கொண்டே பாலிங்கா சாராயத்தை ஊற்றிக் குடிப்பான். ஓட்டிலியாவின் சர்மாலே மட்டும் இரண்டு வருடமும் படிக்கட்டு முழுக்கப் பேச்சானது. கடித்தால் இலை கறுக்கென்றது. கண்ணாடிக்குள் வெயில் பட்டு என் பீப்பாயிலிருந்தது துணி துவைத்த தண்ணீர் மாதிரி இருக்க, நேர் கீழே இப்படி ஒரு வாசனை வந்தால் எவனுக்கு வயிறு எரியாது?

போன டிசம்பரில் புது பிராசஸர் வந்தது. காலையில் லியோந்தின் பழையதைக் கழற்றி, துடைத்து, கொண்டுபோய் ஷோல்டிடம் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்தான். சாட்சி என்ற முறையில் என்னை அழைத்திருந்தான். ஓட்டிலியா ஏப்ரனோடு வாசலில் நின்றாள். அவனும் நானும் கோட்டும் குல்லாயுமாகப் பால்கனியில். புதியதை இருக்கையில் வைத்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"பாத்தியா? காலு ஒண்ணுகூட மாறல" என்றான். சொல்லிவிட்டு மின்சாரப் பொத்தானை அழுத்தினான்.

விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

கழற்றினான், மாட்டினான், ஊதினான். திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். எங்கே பிழை என்று அவனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பயாஸை அவன் புதுப்பிக்கவே இல்லை. நன்றாக ஓடுகிற பயாஸைத் தொடக்கூடாது, தொட்டால் போர்டின் கை ராசி போய்விடும் என்பது இந்த ஓவர்கிளாக்காரர்களின் வேதவாக்கு. தொடாமலே இரண்டு வருடம் பூசை செய்தவன், கடைசியில் அதைப் புதுப்பிக்கத் தேவையான பழைய பிராசஸரையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஏணியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கூரையேறியதைப் போல.

ஷோல்டுக்குத் தொலைபேசி அடித்தான். "அதுவாண்ணே? ஒரு மணி நேரத்துலயே போயிடுச்சு. போர்செக்ல இருந்து யாரோ ஒரு அம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்று பதில் வந்தது. வேறு யாரிடமாவது அந்த வகை இருக்கிறதா என்று மற்ற மூன்று கிறுக்கர்களையும் கேட்டான். இல்லை.

லியோந்தினிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. கிறுக்கன்தான், ஆனால் சொன்ன சொல் தவறாதவன். நாட்காட்டித் தாளை ஆணியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். "தோத்துட்டேன் ஓட்டி" என்றான். கண்ணாடிக்காரனுக்கு அவனே பேசினான். நான்காம் நாள் காலை அளவெடுக்க வருவதாக ஏற்பாடு.

ஜெயித்தவள் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. அதை நான் அப்போதே கவனித்தேன்.

மூன்றாம் நாள் காலை, லியோந்தின் ஆலைக்குப் போனதும், ஓட்டிலியா என் கதவைத் தட்டினாள். வெளியே மைனஸ் இருபத்துநாலு.

"அண்ணே, கொஞ்சம் கீழ வாங்க. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

பால்கனியில் பீப்பாயைச் சுற்றிய கம்பளியை விலக்கி, மூடியைத் தூக்கினாள். தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி.

"வீட்டுக்குள்ள வெச்சா?"

"ரெண்டு நாள்ல கூழாயிடும்."

"நிலவறை?"

"அங்கதான் வெந்நீர்க் குழாய் ஓடுதே, நிர்வாகிக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும், வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பல்பு வெச்சுப் பாத்தேன், கம்பளி கருகிடுச்சு. முடி காய வைக்கிற மெஷின வெச்சேன், ஃபியூசு போச்சு. வெந்நீர் பாட்டில் ரெண்டு செருகிட்டு, காலையில பாத்தா நாலு இருக்கு. எத்தன வெச்சேன்னே தெரியாத அளவுக்கு எனக்குப் புத்தி கலங்கிப் போச்சுண்ணே."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சனியன் பெட்டி விடற மூச்சுதான் இதுக்குச் சரி. ஒறையவும் விடாது, வேகவும் விடாது. மொத வருஷமே கண்டுபிடிச்சுட்டேன். அவன்கிட்டச் சொன்னா தலையில ஏறி உக்காந்துக்குவான்னு சொல்லல."

"அப்ப கண்ணாடி?"

"கண்ணாடியா? இந்தப் பால்கனிக்கு எவனாச்சும் கண்ணாடி போட்டா அவன் கைய ஒடிச்சிடுவேன்."

மாவு டப்பாவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, தாளில் சுருட்டிய ஒன்றை எடுத்தாள். பழைய பிராசஸர். போர்செக் அம்மா இவள்தான். அன்று காலை அவன் அதைத் துடைத்துப் பையில் போட்டதைப் பார்த்ததுமே பின்னாலேயே கடைக்குப் போயிருக்கிறாள். "இத விட்டா அந்தத் தடியனுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டு, ஷோல்டைச் சிலுவை மேல் சத்தியம் செய்யவைத்து வாங்கி வந்திருக்கிறாள்.

"அப்பவே குடுத்திருக்கலாமே தாயி?"

"சூப்புண்ணே. சூப்புன்னா அந்த மகராசி. ஒரு வாரமாச்சும் தவிக்கட்டும்னு நெனச்சேன். குளிரு முந்திக்கிச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு நாளா அவன் சரியாச் சாப்பிடவும் இல்ல. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. போர்செக்காரம்மா திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க. நான்னு தெரிஞ்சா மானம் போயிடும்."

என் வாயைப் பூட்ட மூன்று முட்டைக்கோஸ் பேசி முடித்தோம்.

மாலையில் லியோந்தினிடம் கொடுத்தேன், பொய்யையும் சேர்த்து. வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பிறகு பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து, அதன் ஊசிக்கால்களுக்கு நடுவில் மெல்லத் தேய்த்தான். பழையதை மாட்டி, பயாஸைப் புதுப்பித்து, புதியதை வைத்து அழுத்தினான். திரை பளிச்சென்று விழித்தது. அவன் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் குனிந்து பீப்பாயைப் பார்த்தான்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரன் அளவு நாடாவோடு வந்து நின்றான். நல்ல வேடிக்கை அப்போதுதான்.

"அளந்துக்கோங்க" என்றான் லியோந்தின். "போட்ட அன்னைக்கு அது முழிக்கல. தோத்தது தோத்ததுதான்."

"போர்டு ஏத்துக்கிச்சா இல்லையா?" என்றாள் ஓட்டிலியா.

"ஒத்தாசை பண்ணித்தானே ஏத்துக்கிச்சு."

"நீ மட்டும் எங்க வீட்டுல தானாவா நொழஞ்ச? எங்கண்ணன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, இவன் நல்லவன்னு எங்கப்பாகிட்ட மூணு தரம் சொல்லல? அப்புறந்தானே உள்ள விட்டாங்க! அதுக்காக இந்தக் கல்யாணம் செல்லாதா?"

"ஏம்மா, அளக்கவா வேணாமா?" என்றான் கண்ணாடிக்காரன்.

"என் பால்கனியில காத்து வேணும்யா. நீ காபி குடிச்சுட்டுக் கெளம்பு."

காபி குடித்துவிட்டுக் கிளம்பினான். ஓட்டிலியா பள்ளிக்கூடம் போனாள். லியோந்தின் என்னைப் பால்கனிக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, அந்தப் போர்செக்காரம்மா வீட்டுல பிராசஸர மாவுலயா வெப்பாங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"சொல்ல வேணாம். நான் கேக்கல" என்றான். பிறகு பீப்பாயின் பின்பக்கம் கம்பளிக்குள் கையை விட்டு ஒரு பொருளை எடுத்தான். ஆலைச் சூளையில் மாட்டுகிற வெப்பமானி, மெல்லிய கம்பியோடு. "நாலு டிகிரி. மொத வருஷத்துல இருந்து நாலு டிகிரிதான். குளிரு கூடினா வேகத்தக் கூட்டுவேன், வெயில் வந்தா கொறச்சிடுவேன். அதுக்குத்தான் தடியன வாங்கினேன். எட்டுப் பாதைக்காரன் நாலு மாசம் இராப்பகலா தாங்க மாட்டான். புது பிராசஸரு எதுக்குங்கறீங்க? பழசோட சூடு மைனஸ் இருபதத் தாண்டினா பத்தல."

இரண்டு வருடம் கடைசி இடம். தையல் மெஷின் கிண்டல். பரிசு வாங்க அல்ல, பீப்பாய்க்காக ஓட்டியிருக்கிறான் இந்த மடையன்!

"வெந்நீர் பாட்டிலும் நீதானா?"

"ரெண்டுதான் வெச்சேன். மீதி ரெண்டு எப்படி வந்துச்சுன்னு தெரியல." வெப்பமானியைத் திரும்பச் செருகினான். "எழுபது சர்மாலேண்ணே. அன்னைக்கு அவ ரூமுக்குள்ள போயி அழுதா. எனக்குக் கேட்டுச்சு. மன்னிச்சிடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது, இதுதான் வரும். அவகிட்டச் சொல்லிடாதீங்க. முட்டைக்கோசுக்குக் காவல் இருக்கேன்னு தெரிஞ்சா, அடுத்து வெள்ளரிக்கா பீப்பாயையும் கொண்டாந்து வெச்சுடுவா."

அவனும் என் வாயைப் பூட்ட மூன்று முட்டைக்கோஸ் எடுத்துக் கொடுத்தான். அதே பீப்பாயிலிருந்து.

கிறிஸ்துமஸுக்கு ரெகின் அண்ணன் குடும்பம் வந்தது. அண்ணன் மனைவி ஒன்பது சர்மாலே தின்றாள். சூப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் ஒன்பது தின்றேன், கூச்சமில்லாமல்.

புத்தாண்டுக்கு மறுநாள், லியோந்தின் ஆலையில் இருந்தபோது, ஓட்டிலியா என்னைக் கூப்பிட்டாள். பீப்பாய்க்குள் கைவிட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூணு கொறையுதுண்ணே."

"எலியா இருக்கும்" என்றேன்.

"இந்தக் குளிர்ல எலி எங்கண்ணே வரும்?" என்றவள், கம்பளியைச் சரிசெய்யப் பின்பக்கம் கையை விட்டாள். கை அங்கேயே நின்றது. வெப்பமானியை வெளியே எடுத்தாள். அதன் கம்பி போகும் வழியைப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதன் கால்கள் நகராமலிருக்கத் தரையில் யார் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் நின்று நிதானமாகப் பார்த்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தபோது நான் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தேன்.

அவள் வெப்பமானியை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே செருகி, கம்பளியை இழுத்து மூடினாள். உள்ளே போய்த் தன் வாசலைன் டப்பாவைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.